டிப்ஸ் வேண்டாம் என்ற பலகை

ஓய்வு பெற்றவனைச் சும்மா விடமாட்டார்கள். ஹைதராபாத் குஷாய்குடாவில் பொதுத்துறை ஆலையில் வேலை பார்த்து, யூனியனில் தொண்டை கிழியக் கத்தி, இனி வீட்டில் சாய்ந்து கிடக்கலாம் என்று பார்த்தால், மகள் மாதாப்பூரில் ஒரு டிபன் ஹோட்டல் ஆரம்பித்தாள். கல்லாவுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். ஹப்சிகுடா வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ, இறங்கியதும் ஒரு நடை. போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும்.

அங்கே எனக்குப் பார்க்கப் பிடிக்காதது ஒன்று உண்டு. சாப்பிட்டவர்கள் எழுந்திருக்கும் நேரத்தில் சர்வர்கள் சோம்புத் தட்டை வைத்துவிட்டு அங்கேயே நிற்பார்கள். ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் மேஜையைத் துடைப்பார்கள். கம்பெனிப் பையன்கள் போனில் பில்லோடு கொஞ்சம் கூடுதலாகவே அனுப்பிவிட்டு, பரிமாறிய பெண்ணைக் காட்டி, ‘அங்கிள், இது அந்த அக்காவுக்கு’ என்பார்கள். நான் கல்லாவிலிருந்து எடுத்து அந்த அக்காவிடம் கொடுப்பேன். உழைத்தவனுக்குக் கொடுப்பது கூலியாக இருக்கவேண்டும், மனமிரங்கிப் போடுவதாக இருக்கக்கூடாது என்று கேட் வாசலில் நின்று பேசியவன் நான். எரிச்சலாக வந்தது. போதாக்குறைக்கு ஒருநாள் தோசை மாஸ்டர், “தோச பிரமாதம்னு சொல்லிட்டு, காச மட்டும் தட்ட தூக்கிட்டு வந்தவங்ககிட்ட குடுக்குறாங்க. கல்லு முன்னாடி வேகுறது நானு” என்றார்.

மகளிடம் பேசினேன். டிப்ஸை நிறுத்துவோம், எல்லோருக்கும் சம்பளத்தை உயர்த்துவோம், அதற்குத் தக்கபடி விலையைக் கொஞ்சம் ஏற்றுவோம் என்றேன். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பதுபோல, மகள் பணத்தில் நான் புரட்சி செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பள்ளிக்கூடமெல்லாம் இங்கேயே படித்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். “ஓகே அப்பா, லெட்ஸ் ட்ரை” என்றாள். ‘எங்கள் ஊழியர்கள் முழுச் சம்பளம் பெறுகிறார்கள், தயவுசெய்து டிப்ஸ் வேண்டாம்’ என்று மூன்று மொழியில் பலகை எழுதி நானே மாட்டினேன். தோசை மாஸ்டர் அன்று நான் கேட்காமலே எனக்கு நெய் ரோஸ்ட் அனுப்பினார்.

அடுத்த மாதம், அந்த அக்காவின் புருஷன் ஒரு பெட்டி மைசூர்பாகுடன் வந்தார். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. அவர் ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். குடி கிடையாது, மரியாதையான ஆள். “ஒங்களாலதான் சார். மெசேஜ் வந்ததும் எனக்கு நம்பவே முடியல. தவணைல ஒரு பைக் எடுத்துட்டேன்” என்றார். மனைவியின் வங்கிக் கணக்கில் இருப்பது அவருடைய போன் நம்பர் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மைசூர்பாகு நன்றாகவே இருந்தது.

அந்த அம்மாள் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நன்றி சொல்லாவிட்டால் போகிறது, முறைக்கவாவது வேண்டாமே என்று எனக்கு ஆற்றாமை. ஒரு மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், கல்லாவுக்கு வந்து நின்றாள்.

“சார், அந்த போர்ட எடுத்துர்றீங்களா?”

“ஏம்மா, சம்பளம் பத்தலையா?”

“சம்பளம் பத்துது சார். அது எனக்கு வர்றதில்ல.”

ஏ.டி.எம். கார்டு புருஷனிடம். இவள் மகள் நர்சிங் படிக்கிறாள். அரசாங்கம் எல்லாம் கொடுத்துவிடுகிறது, காசு கட்டவே வேண்டாம் என்றுதான் இவள் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். காசு கட்டிப் படிக்கவைப்பதாக இருந்தால் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிடுவேன் என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாராம். அரசாங்கம் கொடுத்ததுபோக மிச்சத்தையெல்லாம் இவள் டிப்ஸில்தான் கட்டி வந்திருக்கிறாள். பலகை மாட்டியதிலிருந்து அது நின்றுவிட்டது. அடுத்த பருவத்துக்குக் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

உயர்த்திய பணத்தை மட்டும் கையில் தரவா என்று கேட்டேன். “நக்கோ சார், வேணாம். கொறஞ்சா அன்னிக்கே மெசேஜ் பாத்து இங்க வந்துருவாரு. டிப்ஸுன்னா யாரும் கேக்க மாட்டாங்க. வந்தா வந்துது, இல்லாட்டி இல்ல.” சரி, இந்தத் தடவை நானே கட்டிவிடுகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் அந்த மனமிரங்கிப் போடுவது என் வாயிலிருந்தே வந்தது எனக்கு உறைத்தது. அவள் கோபப்படவில்லை. “இந்தத் தடவ குடுப்பீங்க. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு சார்” என்றாள்.

பலகையை எடுக்கலாமா என்று ராத்திரியெல்லாம் புரண்டேன். எடுத்தால் தோசை மாஸ்டருக்கும் பாத்திரம் தேய்ப்பவர்களுக்கும் என்ன பதில் சொல்வது? உயர்த்திய சம்பளத்தை அப்படியே விட்டுவிட்டு டிப்ஸும் அனுமதிக்க மகளுக்குக் கட்டாது. கணக்கைக் காட்டினாள், பொய்யில்லை. நான் சொன்னது தப்பு என்று யாராவது நிரூபித்தால்கூட நிம்மதியாக இருக்கும். தப்பில்லையே. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதனால் அந்தப் பெண்ணின் பரீட்சைக்கு என்ன ஆகப்போகிறது? ஒரு முடிவுக்கும் வராமல் நாளைக் கடத்தினேன்.

அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் ஒரு பெரிய பஃபே ஹோட்டலில் சேர்ந்துவிட்டாள். அங்கே சம்பளம் நம்மிடம் முன்பு இருந்ததைவிடவும் குறைவு, ஆனால் டிப்ஸ் உண்டு. “அவரு வந்து கேட்டா எதுவும் சொல்லாதீங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் வந்தார். இந்த முறை கையில் ஒன்றுமில்லை. பைக் சாவியை மட்டும் திருகிக்கொண்டே நின்றார்.

“கைக்கு சார், ஏன் வேலய விட்டா? இவ்ளோ நல்ல சம்பளம். கேட்டா பிடிக்கலங்குறா. யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?”

எனக்குச் சட்டென்று பொய் வராது. யூனியனில் அதுதான் என் குறை என்பார்கள். அவர் முகத்தைப் பார்க்காமல், “நான்தான். ஒரு நாள் எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன்” என்றேன்.

அவர் நம்பிவிட்டார். கண் சிவந்துவிட்டது. சத்தம் போடவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

“கூலிக்கு வர்றவங்கன்னா அவ்ளோ எளக்காரமா சார்? ஒங்களமாதிரி முதலாளிங்கதான் சார் எல்லா எடத்துலயும்.”

அடுப்படியிலிருந்து தோசை மாஸ்டர் எட்டிப் பார்த்தார். நான் எழுந்து நின்று, “தப்புதான்பா” என்றேன்.