பிக்கோலோ வராத இடம்

சனிக்கிழமை பிற்பகல்களில் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் ஒரே சிம்பொனி இரண்டு முறை ஒலிக்கும். இரண்டும் வெவ்வேறு வாத்தியக்குழு நடத்துநர்களின் பதிவுகள். ஜன்னலுக்கு இரு பக்கமும் ஸ்பீக்கர்கள். அவற்றைப் பார்த்தபடி பிரம்பு நாற்காலியில் என் கணவர் உட்காருவார். பிளேயர் அவருக்குப் பின்னால், சாப்பாட்டு மேசைமேல் இருக்கும். எந்த இசைத்தட்டு சுழல்கிறது என்று அவருக்குத் தெரியக்கூடாது. கேட்டு முடித்ததும் நடத்தியது யார், எந்த இடத்தில் எவர் மேல் என்று அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தட்டுப் போடுகிறவர் அவருடைய கல்லூரித் தோழர், மேலப்பாளையத்துக்காரர். வளைகுடாவில் வேலை பார்த்த வருடங்களில் சம்பாதித்ததைவிட அதிகம் இசைத்தட்டு வாங்கியவர் என்று அவர் வீட்டில் சொல்வார்கள். மூன்றாவது ஆள் நான். பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். பதிவான ஆண்டு தெரியாமல் நான் எதையும் கேட்பதில்லை. ஒரே மனிதர் நாற்பது வயதில் நடத்தியதும் எழுபதில் நடத்தியதும் இரண்டு ஆட்கள் நடத்தியது போலத்தான் இருக்கும். தேதி தெரியாவிட்டால் எவரோடு எவரை ஒப்பிடுகிறோம் என்றே தெரியாமல் போகும்.

நடத்துநர்களுக்கு நண்பர் ரயில், பஸ் பேரில் பட்டப்பெயர் வைத்திருந்தார். நிதானமாகப் போகிறவர் 'பாசஞ்சர்'. எங்கும் நிற்காமல் விரட்டுகிறவர் 'பாயிண்ட் டு பாயிண்ட்'. என் கணவர் பாசஞ்சர் கட்சி. "நாலு ஸ்டேஷன்ல நின்னாத்தான் வே ஊர் தெரியும்" என்பார். "நீரு ஊரப் பாத்துட்டு வாரதுக்குள்ள பந்தி முடிஞ்சிரும்" என்பார் நண்பர்.

கேட்கும்போது என் கணவர் சும்மா இருக்க மாட்டார். எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழுவைப் பல வருடங்களாக நடத்துகிறவர். நானும் அதில் ஆல்டோ என்ற கீழ்க்குரலில் பாடுகிறேன். வலது கை தாளம் போடும். இடது ஆள்காட்டி விரல், ஒவ்வொரு வாத்தியமும் உள்ளே வரும் நொடியில் அதன் திசையில் உயரும். ஓபோ குழலுக்கு ஒன்று, கொம்புகளுக்கு ஒன்று. அந்த விரல் ஒருநாளும் பிந்தியதில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது ஆடிப்பெருக்கு வாரத்தில். வாஷிங் மெஷின் வேலை முடிந்து கீச்சுகீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வரவில்லை. அது ஒன்றும் பெரிதில்லை. ஆண்கள் வாஷிங் மெஷினுக்கு எழுந்து வருவதில்லை. தசரா முடிந்த சனிக்கிழமை நடந்ததுதான் என்னை உலுக்கியது. பாயிண்ட் டு பாயிண்டின் பதிவைக் கேட்டுவிட்டு, "ஒலிப்பதிவு மங்கல். மேல ஒரு வெளிச்சமே இல்ல" என்றார். முந்தின வருடம், கோயில் விருந்தான அசன பண்டிகைக்கு அடுத்த சனிக்கிழமை, இதே தட்டுக்கு அவர் சொன்ன தீர்ப்பு எனக்கு நினைவிருந்தது: "பிக்கோலோவ ஏன் இப்பிடி முன்னால வச்சிருக்கான்? காதக் குத்துது." தட்டு அதேதான். ஸ்பீக்கரும் அதேதான்.

பிக்கோலோ என்பது புல்லாங்குழலில் பாதி நீளமே உள்ள குழல். அந்தத் தட்டில் இருந்த சிம்பொனியின் கடைசிப் பாகத்தில்தான் உள்ளே வரும். வந்தால் மொத்த வாத்தியக் கூட்டத்துக்கும் மேலே தனியாகப் பறக்கும்.

அதற்கடுத்த வாரம் காய்கறிக் கடையில் குழுவில் சோப்ரானோ என்ற மேல்குரல் பாடும் பெண் ஒருத்தி என்னை ஓரமாக அழைத்துப் போனாள்.

"ஆன்ட்டி, தப்பா எடுக்கக்கூடாது. நீங்க வராத போன பிராக்டிஸ்ல மேல ஏறுத எடத்துல நாங்க ஆறு பேரும் கோட்ட விட்டுட்டோம். அங்கிள் சிரிச்சிக்கிட்டே விரலத் தூக்குதாவ. நாங்க பாடவே இல்ல ஆன்ட்டி."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"யாரு சொல்லுவா? ஆனா கோயில் கமிட்டில பேசப் போறாவளாம். கேரல் ஆராதன முடிஞ்ச ஒடனே."

கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் நாங்கள் பாடவிருந்த பாட்டில், கடைசிச் சரணத்தில் எல்லாரும் ராகத்தைப் பாட, சோப்ரானோக்கள் மட்டும் அதற்கு மேலே ஏறிப் போக வேண்டும். அங்கே சபை முழுக்கப் பார்த்திருக்கத் தவறு நடந்து, அதன்பின் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாலு பேர் அவரிடம் அவர் காதைப் பற்றிச் சொல்லும்படி விட எனக்கு மனமில்லை. அவருக்குத் தெரிய வேண்டுமென்றால் அது எங்கள் வீட்டில் தெரியட்டும் என்று முடிவு செய்தேன்.

நேரே கேட்டுப் பார்த்தேன். "எனக்கா? நல்லாக் கேக்குதே" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். சிம்பொனி முழுவதும் அவருக்கு மனப்பாடம். காது விட்ட இடத்தை ஞாபகம் நிரப்பிக்கொண்டிருந்தது. எழுதப்பட்ட இடத்தில் எழுதப்பட்ட வாத்தியம் வந்துகொண்டிருக்கும்வரை அவரைச் சோதிக்க வழியே இல்லை.

வழி கார்த்திகை மழையோடு வந்தது. நண்பர் ஒரு புதுத் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதே சிம்பொனியைப் பாசஞ்சர் தன் கடைசிக் காலத்தில் மேடையில் நடத்திய நேரடிப் பதிவு. இருமல் சத்தமெல்லாம் அதில் இருந்தது. திங்கட்கிழமை காலை, அவர் பேங்குக்குப் போன நேரத்தில் நான் தனியாகப் போட்டுக் கேட்டேன். கடைசிப் பாகத்தில் பிக்கோலோ முதலில் தனித்து ஏறும் இடத்தில், குழல் வரவில்லை. வாசித்தவர் தவறவிட்டிருக்கிறார். அச்சிட்ட இசைக்குறிப்பை மடியில் விரித்து வைத்து மறுபடி கேட்டேன். வரவேயில்லை. சில அடிகள் கழித்துத்தான் தடுமாறி வந்து சேர்ந்துகொண்டது.

சனிக்கிழமை நண்பரை வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். குடையை மடக்காமலே நின்றார்.

"பொறி வைக்கச் சொல்லுதீங்களா மதினி? அவன் என் சேக்காளி."

"கேட்டுட்டாங்கன்னா ஒண்ணுமில்ல. நான்தான் கிறுக்கச்சின்னு ஆயிரும்."

"கேக்கலன்னா?"

உள்ளேயிருந்து என் கணவரின் சத்தம் வந்தது. "என்ன வே, வாசல்லயே பாசஞ்சர் நின்னுபோச்சா?"

"கிராசிங்கு வே, வாரேன்" என்றார் நண்பர். குரல் வழக்கம்போல இல்லை.

முதலில் பழைய பாசஞ்சர் பதிவு, பிறகு இந்த நேரடிப் பதிவு என்று ஏற்பாடு. முதலாவது ஒழுங்காக முடிந்தது. விரல் எல்லா இடத்திலும் சரியாக உயர்ந்தது. இரண்டாவது தட்டை வைக்கும்போது நண்பர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

அந்த சிம்பொனியில் மூன்றாம் பாகத்துக்கும் நான்காம் பாகத்துக்கும் இடையே நிறுத்தம் கிடையாது. எல்லாம் அடங்கி, முரசு மட்டும் பைய, யாரோ கதவுக்கு வெளியே நின்று தட்டுவது போல அடித்துக்கொண்டிருக்கும். நூறு தடவை கேட்ட இடம். வெளியே மழை வலுத்தது. அது குழலோசையை மறைத்துவிட்டதாக அவர் சொல்லிவிடக் கூடாதே என்று எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினேன். அவர் திரும்பாமலே "நல்லது" என்றார்.

கதவு திறந்துகொண்டதுபோல் நான்காம் பாகம் வெடித்தது. டிரம்போன்களுக்கு விரல் உயர்ந்தது. சரி. கொம்புகளுக்கு உயர்ந்தது. சரி. நண்பர் தட்டின் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். இடம் நெருங்கியது. கர்த்தரே, அந்த விரல் எழும்ப வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

விரல் எழுந்தது. துல்லியமாக, அதே நொடியில்.

"ஆகா! குழல எப்பிடித் தூக்கிக் காட்டுதான் பாத்தீரா? ஒம்ம பாயிண்ட் டு பாயிண்ட் இங்கன வந்து பாடம் படிக்கணும்" என்றார்.

இந்த இடத்தில் நண்பர் ஏதாவது நக்கலாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் எங்கள் சனிக்கிழமை. அவரால் முடியவில்லை. இசை ஓடிக்கொண்டிருந்தது. என் கணவரின் வலது கை பாதித் தாளத்தில் நின்றது.

"என்ன வே, சத்தத்தையே காணும்?" என்று திரும்பினார். முகங்களைப் படிப்பது குழு நடத்துகிறவருக்குப் பழக்கம். முதலில் நண்பரைப் பார்த்தார், பிறகு என்னை. நான் பிளேயரை நிறுத்தினேன்.

"வரலியா?"

"வரல. அந்த எடத்துல குழல்காரன் விட்டுட்டான்."

"ஒனக்கு எப்பம் தெரியும்?"

"திங்கக்கெழம."

"அப்போ ரெண்டு பேருமாச் சேந்து பரீட்ச வச்சிருக்கீங்க."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் வே" என்றார் நண்பர்.

"சும்மா இரும். தட்டுப் போட்டது ஒம்ம கைதான?"

எழுந்து வாசல்வரை போனார். செருப்பைப் போட்டார். மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படியே இறங்கிப் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, நாற்காலியை எங்கள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"பாயிண்ட் டு பாயிண்டப் போடும். அதுல வருதுல்லா?"

"வருது வே."

இந்த முறை இரண்டு கையும் மடியில் இருந்தன. ஸ்பீக்கரை அவர் கவனிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்தபோது நான் விரலைத் தூக்கினேன். முகத்தைச் சுருக்கி, ஆழத்திலிருந்து எதையோ எடுக்கிறவர் போலக் கேட்டார்.

"காத்து மாதிரி ஒண்ணு போவுது. குழல் இல்ல" என்றார். பிறகு, "இன்னொரு தடவ."

நாலு தடவையோ ஐந்து தடவையோ போட்டோம். யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. போகும்போது நண்பர் படியில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மழ விட்டிருக்கு, கெளம்பும்" என்று என் கணவர் அவர் குடையைக் கையில் கொடுத்தார்.

சோப்ரானோ பெண் சொன்னதையும் கமிட்டிப் பேச்சையும் அன்றிரவு அவரிடம் சொன்னேன். மறுநாள் பிராக்டிஸில் அவரே குழுவிடம் சொன்னார். நான் ஆல்டோ வரிசையில் நின்றிருந்தேன். "மேல போற சத்தம் எனக்கு இப்போ கேக்கல. இது ஒங்களுக்கு எனக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு. இந்த ஆராதனய நான் நடத்துதேன். அதுக்கப்புறம் கமிட்டி சொல்லுதபடி." பிறகு என்னைக் காட்டினார். "சோப்ரானோ வரலன்னா மட்டும் இவ விரலத் தூக்குவா. வந்துட்டா வேண்டாம்."

கேரல் ஆராதனை அன்று, கடைசிச் சரணத்தில், ஆர்கன் முழக்கத்துக்கு நடுவே சோப்ரானோ வரிசை மறுபடியும் தவறியது. பயத்திலேயே தவறியிருக்க வேண்டும். பாட்டுப் புத்தகத்துக்கு மேலே விரலைத் தூக்கினேன். அவர் பார்த்தார். இடது கையை வட்டமாகச் சுழற்றினார். ஆர்கன் வாசித்தவர் புரிந்துகொண்டு அதே வரியை மீண்டும் எடுத்தார். இந்த முறை ஆறு பேரும் ஏறினார்கள். சபைக்கு அது திட்டமிட்ட அழகு போலத் தோன்றியிருக்கும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது முன்வரிசை அம்மா ஒருவர் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா, அல்லேலூயாக்காரங்க மாதிரி நம்ம கோயில்லயும் பாட்டுக்குக் கையத் தூக்க ஆரம்பிச்சாச்சாக்கும்? குருவானவருக்குத் தெரியுமா?"

வீட்டுக்கு நடக்கையில் மார்க்கெட் தாண்டியதும் என் கணவர் கேட்டார்.

"நீ எத்தன வெரல் தூக்குன?"

"ஒண்ணுதான். ஏன்?"

"ஏழு பாத்தேன்."

நின்றுவிட்டேன். என் வரிசையிலிருந்து சோப்ரானோக்களின் முதுகுதான் எனக்குத் தெரியும். தவறவிட்ட ஆறு பேரும் தாங்களாகவே விரலைத் தூக்கியிருக்கிறார்கள்.

ஈஸ்டருக்கு யார் நடத்துவது என்று கமிட்டி இன்னும் முடிவெடுக்கவில்லை. காதுக்கருவி வாங்கியாயிற்று, அதைப் போட்டால் வயலினெல்லாம் எவர்சில்வர் தட்டு விழுகிற மாதிரி கேட்கிறது என்கிறார். சனிக்கிழமைகளில் நாற்காலி எங்கள் பக்கமே திரும்பியிருக்கிறது. நேரடிப் பதிவைப் பற்றி மட்டும் அவர் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.