ஹமீதின் குரலும் என் லினக்ஸ் நடைமுறையும்

இரண்டு மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை மாலை, வழக்கமான சாலையோர ஒட்டுக்கடையில், நுரை பொங்க இழுத்து ஆற்றிய தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். ஹமீது வந்து எதிரில் உட்கார்ந்தான். மேசையில் இரண்டு தாள்களை வைத்தான். ஒன்று மருத்துவமனைக் கடிதம். இன்னொன்று... பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியிலிருந்து கத்தரித்த துண்டு.

உங்களுக்கு நினைவிருக்கும். எட்டு வயதான என் மடிக்கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டதைப் பற்றி இரண்டு வாரம் பெருமையடித்திருந்தேன். 'காசு கொடுக்காமலே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை வீட்டு மேசையில் அமைத்துவிடலாம்' என்று போகிறபோக்கில் ஒரு வரி. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. செய்து பார்த்தேனா? பத்தி எழுதுகிறவன் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டா எழுதுகிறான்?

அந்த வரிக்குக் கீழே ஹமீது சிவப்பு மையில் கோடு போட்டிருந்தான்.

"கிராணி, இது நீ எழுதினதுதானே?"

பள்ளி நாளிலிருந்து நண்பன். நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த அன்று 'கிராணி' என்று கூப்பிட ஆரம்பித்தான். அதிகாரியாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். அவன் மட்டும் இன்னும் எனக்குப் பதவி உயர்வு தரவில்லை.

கடிதத்தைப் படித்தேன். தைராய்டு கட்டி. அடுத்த வியாழன் அறுவை சிகிச்சை. புதன் பகல் பன்னிரண்டு மணிக்குள் படுக்கையில் சேர வேண்டும்.

"குரல் நரம்பு பக்கத்துலயே ஓடுதாம். 'மோஸ்ட்லி ஓகே'ன்னாரு டாக்டர். மோஸ்ட்லின்னா என்னா லா அர்த்தம்?"

ஹமீது துணிக்கடை வைத்திருந்தவன். வார இறுதியில் கல்யாண வீடுகளில் பாடுவான். ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த், நிபோங் திபால் என்று அவன் பாடாத மண்டபம் இல்லை. எல்லாம் சினிமாப் பாட்டு.

"ஒரு பாட்டு பதியணும். அதுக்குள்ள."

"யார் பாட்டு?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "என் பாட்டு. ஒண்ணே ஒண்ணுதான். ஜமீலாவப் பத்தி."

ஜமீலா அவன் மனைவி. கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம்.

"சிம்பாங் அம்பாட் பக்கம் நல்ல ஸ்டூடியோ இருக்கே, போயேன்."

"அங்க போனா பாதிப் பினாங்குக்குத் தெரிஞ்சிரும். அவளுக்கே இன்னும் தெரியாது."

"பாடிக் காட்டினதே இல்லையா?"

"பாடி முடிச்சதும் அவ மூஞ்சியப் பாக்கணுமே!" என்றான். "நான் உள்ள போனப்புறம் நீ அவகிட்ட குடு. நான் மயக்கத்துல இருப்பேன். சௌரியம்."

இதற்கு எப்படி மறுப்பது? சரி என்றேன்.

வேலை என்று வந்தால் அதை முறைப்படி செய்ய வேண்டும். முப்பத்து நான்கு வருடம் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். அன்றைக்கே ஒரு ஃபைல் திறந்தேன். லினக்ஸ் ஒலிப்பதிவுக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். இருபத்து மூன்று வரிகளில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தேன். யுஎஸ்பி மைக் ஒன்று வாங்கிவந்து, உறையைப் பிரிக்கும் முன் அதையும் பட்டியலில் டிக் செய்தேன்.

லினக்ஸில் ஒலி என்பது ஓர் அரசாங்க இலாகா மாதிரி. மைக்கிலிருந்து வரும் சத்தம் நேராகப் பதிவு மென்பொருளுக்குப் போய்விடாது. நடுவில் ஓர் ஒலிச் சேவகன் உட்கார்ந்திருப்பான். பைப்வயர் என்று ஒருவன் இருக்கிறான் - நல்ல பிள்ளை, பெரும்பாலும் தானாகவே எல்லாவற்றையும் இணைத்துவிடுவான். ஜாக் என்று இன்னொருவன். அவன் எதையும் தானாக இணைக்க மாட்டான். எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்குச் சத்தம் போக வேண்டும் என்று நாம்தான் திரையில் கம்பி இழுத்துக் காட்ட வேண்டும். அனுமதியில்லாமல் ஒரு சத்தமும் நகராது! யாரைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஹமீது வந்தான். தொழுகை முடித்த கையோடு, வெளுத்த ஜிப்பா, ஃபிளாஸ்கில் இஞ்சித் தண்ணீர். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வரி முனகிப் பார்த்தான். குரல் கணீரென்று இருந்தது.

"கணினியில் ஒலிக்கருவிகளைத் தொட அனுமதி பெற்ற ஆடியோ குழுவில் இன்னும் என் பெயரைச் சேர்க்கவில்லை," என்றேன். "அந்த அனுமதி இருந்தால்தான் முறையாகப் பதிய முடியும். நாளைக்கு வா."

சனிக்கிழமை பெயரைச் சேர்த்திருந்தேன். ஆனாலும் அனுமதி இல்லை என்றே கணினி அடம்பிடித்தது. வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் அது செல்லுபடியாகும் என்று கையேட்டின் அந்தப் பகுதியில் கடைசி வரி சொன்னது. 'படிவத்தின் கடைசி வரியைப் படியுங்கள்' என்று எத்தனை ஆயிரம் பேரை விரட்டியிருப்பேன்! அதைக் கண்டுபிடிக்க மாலை ஆறு மணி ஆயிற்று. ஹமீது அதற்குள் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சத்தம் வந்தது. கூடவே பொரி பொரிப்பதுபோல் ஒரு படபடப்பும் வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாம் பாடுவது கணினிக்குள் போய் நம் காதுக்குத் திரும்பிவரச் சிறு தாமதம் ஆகும். அதைக் குறைக்க ஓர் அமைப்பு உண்டு. கணினி சத்தத்தை எவ்வளவு பெரிய கூறுகளாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஓர் எண் கொடுக்கலாம். எண் சின்னதாக இருந்தால் தாமதம் குறைவு. சின்னதுதான் சிறந்தது என்று முடிவுகட்டி, இருப்பதிலேயே சின்னதை வைத்தேன். என் கிழட்டுக் கணினிக்கு மூச்சு வாங்கியது. அதுதான் படபடப்பு. எண்ணைக் கூட்டினால் போயிருக்கும். ஆனால் தாமதம் கூடுமே! நான் விடுவேனா? கணினியின் மையக் கருவையே வேகமான ஒன்றாக மாற்றக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை புதிய கரு வந்தது. வைஃபை செத்தது.

"நாளைக்கு வா."

தேநீர் கொண்டுவந்த என் மனைவி ஹமீதைப் பார்த்தார். "ஏங்க, அண்ணன் பாட வந்தாரா, லைசென்ஸ் எடுக்க வந்தாரா?"

செவ்வாய்க்கிழமை வைஃபை உயிர்த்தது. படபடப்பும் உயிர்த்தது. நான் திரையைப் பார்த்தபடியே வாயைத் திறந்தேன். சொல்லி முடிக்கும் முன் ஹமீது எழுந்துவிட்டான்.

"நாளைக்கு வா, அதானே? டேய் கிராணி, எனக்கு நாளைக்குத்தான்டா அட்மிஷன்! ஒன் ஆபீசுக்கு வந்தவன்லாம் இன்னொரு தரம் வந்து நின்னிருப்பான். நான் இன்னொரு தரம் வந்தா, பாட என்கிட்ட என்னா இருக்கும்னு எனக்கே தெரியாது."

அவன் குரல் கரகரவென்று இருந்தது. மூன்று நாளாகச் சரியாகத் தூக்கமில்லை என்று பிறகு தெரிந்தது. ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

என்ன செய்வது? லினக்ஸ் ஒலிக்காரர்கள் கூடும் ஓர் இணைய மன்றத்தில் முறையிட்டேன். பொருள், மேற்கோள், ஏழு பத்தி, பத்திக்கு எண். என் பணிக்காலத்தில் இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுக் கைகுலுக்கியிருப்பேன். சாப்பாட்டுக்கு உட்காரும் முன் பதில் வந்துவிட்டது. எந்த ஊரோ, யாரோ. ஒரே வரி.

'பின்னணி இசை இல்லாமல் ஒரே ஒரு குரல்தானே? அந்த எண்ணை 1024 ஆக்கிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அமுக்குங்கள்.'

இரண்டு தரம் படித்தேன்.

அந்தத் தாமதம், ஓடிக்கொண்டிருக்கும் இசையோடு சேர்ந்து, தன் குரலைக் காதில் கேட்டபடியே பாடுகிறவருக்குத்தான் தொல்லை. ஹமீதுக்கு என்ன இசை? மேசையில் தட்டும் அவன் விரல்கள்தான். சத்தம் எப்போது திரும்பி வந்தால் என்ன? பைப்வயரை அதன் போக்கில் விட்டு, எண்ணைப் பெரிதாக வைத்திருந்தால் வெள்ளிக்கிழமை மூன்றேகாலுக்கு வேலை முடிந்திருக்கும்.

நொடியில் ஐம்பதில் ஒரு பங்குத் தாமதத்தைத் தவிர்க்க ஐந்து நாள் தாமதித்திருக்கிறேன்.

லினக்ஸில் பாட்டுப் பதிய நினைக்கும் வாசகர்களுக்கு - இருக்கிறீர்கள், கடிதங்கள் வருகின்றன - என் அனுபவம் இவ்வளவுதான். முதலில் எதையாவது பதியுங்கள். கேட்டுப் பாருங்கள். எது உறுத்துகிறதோ அதற்கு மட்டும் கையேட்டைத் திறங்கள். முறை தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த முறை தேவையில்லை என்பது அவர்களுக்குக் கடைசியில்தான் தெரியவரும். எனக்குத் தெரியும். அந்த வியாதிக்கு முப்பத்து நான்கு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

உடனே ஹமீதைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. 'காலையில் எட்டு மணிக்கு வா. தயார்' என்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

புதன்கிழமை எட்டு மணிக்கு வாசலில் நின்றான். கையில் மருத்துவமனைப் பை.

"இன்னிக்கும் ஏதாச்சும் ஃபாரம் இருக்கா?"

"இல்லை. உட்கார்."

சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். அலைக்கோடு ஓடியது. ஹமீது கண்ணை மூடி, மேசையில் விரலால் தாளம் போட்டுப் பாடினான். பாலிக் புலாவில் பஸ்ஸை விட்டு இறங்கும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். உச்சத்தில் இரண்டு இடத்தில் குரல் இடறியது. மறுபடி பாடினான். அப்போதும் இடறியது.

"போதும்," என்றான். "இவ்வளவுதான் இருக்கு."

நல்ல பதிவுதான். ஆனால் வெள்ளிக்கிழமைக் குரல் இல்லை அது. அந்தக் குரலை நான்தான் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அவனை உள்ளே கொண்டுபோன பிறகு, தாழ்வாரத்து நாற்காலியில் ஜமீலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கைப்பேசியில் பாட்டைத் திறந்து, காதொலிப்பானைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"அண்ணே, பச்சைச் சேலைன்னு பாடுறாரே... நான் அன்னிக்குப் பச்சை கட்டலையே! நீலம்."

என் சரிபார்ப்புப் பட்டியலில் சேலை நிறத்துக்குக் கட்டம் இல்லை.

சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஒரு வாரம் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது ஹமீது தாளில் பெரிதாக எழுதிப் பிடித்திருந்தான்: 'பச்சை'.

"நீலம்," என்றார் ஜமீலா.

'பச்சை. நல்லா ஞாபகம் இருக்கு.'

"கட்டினது நானா, நீங்களா?"

நாற்பத்தொரு வருடத்தில் அவன் எதிர்த்துப் பேச முடியாத முதல் வாரம் அது. ஜமீலா வீணாக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனேன். தாளில், 'சரி. குரல் வந்ததும் மாத்திர்றேன்' என்று எழுதியிருந்தது.

குரல் வந்தது. அவன் குரல் வரவில்லை. நடுவில் காற்று ஓடும், அடியில் ஏதோ உரசும் ஒரு குரல் வந்தது. சில மாதத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். ஹமீது பாட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஜமீலாதான் எடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வரச் சொன்னார்.

பதிந்த பாட்டில் ஒரு சொல்லை மட்டும் மாற்ற வழி உண்டு. சொல் தொடங்கும் இடத்தில் ஒரு குறி, முடியும் இடத்தில் ஒரு குறி. பழைய பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு குறிக்கும் நடுவில் மட்டும் புதிய குரலை வாங்கிக்கொண்டு, மறுபடி பழையதற்குப் போய்விடும். குறிகளை வைத்தேன்.

"வேணாம் லா," என்றான் ஹமீது. "கழுதை கத்துற மாதிரி இருக்கும்."

"ஒரு சொல்லுதானே? கத்துங்க," என்றார் ஜமீலா.

காதொலிப்பானை மாட்டிக்கொண்டான். தன் பழைய குரலைக் கேட்டபடி காத்திருந்தான். இடம் வந்ததும், "நீலச்..." என்று பாடினான். மூன்றாவது தடவை தாளத்தில் சரியாக உட்கார்ந்தது.

போட்டுக் கேட்டோம். பழைய ஹமீது பாடிக்கொண்டே வந்து, அந்த ஒரு சொல்லில் மட்டும் கரகரவென்று இந்த ஹமீது வந்து, 'சேலை' என்ற சொல்லில் மறுபடி பழைய ஹமீது. ஒட்டுப்போட்டது நன்றாகவே தெரிந்தது. ஹமீது தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்குப் பொறுக்குமா? இந்த ஒட்டைத் தேய்த்து வழவழப்பாக்கக் கருவிகள் உண்டு, கரகரப்பைக் கூடக் கொஞ்சம் குறைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே மவுஸைப் பிடித்தேன்.

"அண்ணே, கைய எடுங்க," என்றார் ஜமீலா. "இப்ப வீட்டுல என்கிட்ட பேசுற குரல் அதுதான்."

எடுத்துவிட்டேன்.