உடுப்பில்லாமல் படம் எடுக்கக் கூலாயிலிருந்து சிங்கப்பூர் போய் வந்தேன்

இந்தப் பக்கத்தில் இதுவரை மலேசியக் கோயில் பயணங்களைத்தான் எழுதியிருக்கிறேன். பேருந்து எங்கே நிற்கும், கழிப்பறை சுத்தமா, விடியற்காலையில் தேநீர் கிடைக்குமா என்று எழுதுவேன். நான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் எழுதியதைப் பார்த்துக்கொண்டே பத்துமலைக்குப் போய் வந்ததாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். இந்த முறை போனது கோயிலுக்கு இல்லை. எழுதியதைப் பக்கத்தில் ஏற்றித் தரும் என் பேத்தி, “பாட்டி, இதப் போட்டே ஆகணுமா?” என்றாள். போடு என்றேன். என்னைப் போல இருக்கிற யாராவது ஒருத்தி தனியாகப் போக நினைத்தால் அவளுக்கு வழி தெரிய வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் புற்று என்று சொல்லி என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அறுவைக்கு முன் நர்ஸ் தாலியைக் கழற்றச் சொன்னார். என் வீட்டுக்காரர்தான் கழற்றினார். வெறும் கழுத்தாகப் போகக் கூடாது என்று நர்ஸிடம் கேட்டு, மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றை என் மணிக்கட்டில் கட்டிவிட்டார். இரண்டாம் நாள் வார்டில் அவர் தாலிச் சங்கிலியோடு வந்தபோது, துணி மாற்றுவதற்காக என் சட்டை திறந்திருந்தது. பார்த்துவிட்டார். சங்கிலியை என் கையில் வைத்து, “நீயே போட்டுக்க” என்று சொல்லி வெளியே போய்விட்டார். அன்று என் தாலியை எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.

கெட்ட மனிதர் இல்லை. லோரி ஓட்டி மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். ஆஸ்பத்திரிக்கு ஒரு தவணை விடாமல் கூட்டிப் போனார், கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஆனால் நான் உடுப்பு மாற்றினால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அன்றிலிருந்து படுக்கையும் ஹாலில்தான். மகள்களும் அப்படித்தான், “மூடிக்கோங்கம்மா, காத்து படும்” என்பார்கள். நானே கண்ணாடியில் பார்ப்பதை விட்டுவிட்டேன். யாராவது ஒருவர் முகத்தைத் திருப்பாமல் பார்த்தால் போதும் என்று மட்டும் மனதில் கிடந்தது.

அப்போதுதான் எங்கள் நோயாளிகள் குழுவில் ஒரு தகவல் வந்தது. சிங்கப்பூரில் மார்பை இழந்த பெண்கள் ஒன்றாக உடுப்பில்லாமல் நின்று ஒரே படமாக எடுக்கப்போகிறார்கள். அந்த ஊரில் வெளியில் அப்படி நின்றால் குற்றம் என்பதால் மூடிய கூடத்தில், பெண்கள் மட்டும். வட்டமாக நிற்க வேண்டும், முதுகு வெளியே, முகம் உள்ளே. உள்ளே குனிந்து நிற்பதால் படத்தில் முதுகுகள்தான் தெரியும். பிறகு அதைப் பெரிதாக அச்சடித்துப் பொது இடத்தில் மாட்டுவார்கள். வரும் பெண்களுக்கு இரண்டே விதிகள்: கூடத்துக்குள் கைத்தொலைபேசி கூடாது, உடம்பில் நகை எதுவும் கூடாது.

என்னைப் போன்ற பெண்களோடு படம் எடுக்கப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“உடுப்போடயா?”

“இல்ல.”

பேப்பரை மடித்தார். “மழ காலம். குடை எடுத்துக்க” என்றார்.

சனிக்கிழமை மதியம் கிளம்பினேன். கூலாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். பேருந்தில் ஒரு மணி நேரம் பிடித்தது. அங்கே சோதனைச் சாவடியைத் தாண்டி 170ஆம் எண் பேருந்தில் ஏறினால் பாலம் கடந்து உட்லண்ட்ஸில் இறக்கிவிடுவார்கள். கைப்பையோடு இறங்கி, கடப்பிதழைக் காட்டி, மறுபடி அதே எண் பேருந்தில் ஏற வேண்டும். பாலத்தில் நெரிசல், நல்ல மழை வேறு. ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. குவீன் ஸ்திரீட்டில் இறங்கிக் குடையோடு, நம்மவர்கள் கடைகள் இருக்கிற தேக்கா பக்கம் நடந்தேன். கால் மணி நேர நடை.

டன்லப் தெருவில் பெண்கள் தங்கும் அறையில் ஒரு கட்டில் எடுத்திருந்தேன். ஓர் இரவுக்கு நாற்பது சிங்கப்பூர் வெள்ளி. ஓர் அறையில் ஆறு கட்டில், எல்லாம் இரண்டடுக்கு. முன்பதிவு செய்யும்போதே கீழ்க்கட்டில் என்று சொல்லிவிடுங்கள். கை தூக்க முடியாதவர்களுக்கு மேல்கட்டில் ஏணி ஆகாது. சாப்பாடு தேக்கா சந்தையில் முடிந்தது. பூக்கடைகளில் சனிக்கிழமைக் கூட்டம். ஒரு முழம் வாங்கத் தோன்றியது. நாளைக்கு எதற்குப் பூ என்று விட்டுவிட்டேன்.

அறைக்கு வந்து தோட்டைக் கழற்றினேன். வளையலையும் மெட்டியையும் கழற்றினேன். மூக்குத்தித் திருகு வரவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டு, கண்ணில் நீர் வரும்வரை திருகிக் கழற்றினேன். எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்தேன். விதிப்படி எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்ற திருப்தியில் தூங்கினேன். தாலி நினைவுக்கே வரவில்லை. அதை யார் நகை என்று நினைக்கிறோம்?

காலையில் டாக்சி பிடித்தேன். கேலாங்கில் தொழிற்கூடங்கள் இருக்கிற ஒரு தெரு, ஐந்து கிலோமீட்டர், பன்னிரண்டு வெள்ளி. ஓட்டியவர் தமிழர்.

“என்னக்கா, ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம்? சிவன் கோயிலா? அது ஈஸ்ட் சைடு லா.”

“கோயில் இல்ல தம்பி. படம் எடுக்கிறாங்க.”

“ஓ, டிவியா? அப்ப மேக்கப்லாம் போடலயா?”

“மேக்கப் வேண்டாம்னுட்டாங்க. உடுப்பும் வேண்டாமாம்.”

சிரிக்கப்போனார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “எனக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு. என்னை மாதிரி பொம்பளைங்க மட்டும்தான்” என்றேன். ரேடியோவை அணைத்தார். இறங்கும்போது, “எங்க அக்காவுக்கும் இருந்துச்சு. அவங்க யார்கிட்டயும் சொல்லல” என்றார். அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவர் பேசிய விதத்திலேயே தெரிந்தது.

கூடம் மூன்றாம் மாடியில். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். போனை வாங்கி உறையில் போட்டு, ஒரு குளியல் அங்கியைக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டில் ஒரு பந்திக்கு உட்காரும் அளவு பெண்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர்கள் கொஞ்சம். யாரும் யாரோடும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடக் காத்திருப்பது போலவே இருந்தது.

தரையில் ஒட்டிய நாடாவின் மேல் ஆளுக்கோர் இடம். அங்கியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். குளிர்சாதனக் காற்று நேராக வடுவில் பட்டது. கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து இடத்தில் என் வயசு சீனப் பெண்மணி, பெயர் ஆ ஹோங், சிங்கப்பூரிலேயே பாசிர் ரிஸ் பக்கத்துக்காரி. அவளுக்கு இரண்டு பக்கமும் இல்லை. அவள் என் வடுவை நேராகப் பார்த்தாள். சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பது போல, குனிந்து, சாவதானமாக.

“உனக்குத் தைச்சது யாரு, டெய்லரா?” என்று மலாயில் கேட்டாள். “எவ்வளவு நேரா இருக்கு! என்னோடதப் பாரு, அரிசி மூட்டை தைச்ச மாதிரி.”

பார்த்தேன். அரிசி மூட்டையேதான். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தக் கூடத்தில் அன்று கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

பிறகு வட்டமாக நின்றோம். படம் எடுக்கும் அம்மா ஏணி மேலிருந்து ஏதோ சொன்னார். உதவிக்கு இருந்த யமுனா என்ற தமிழ்ப் பெண் என்னிடம் ஓடி வந்தாள்.

“ஆன்ட்டி, சாரி, உங்க நெக்ல செயின் இருக்கு. லைட்ல ஷைன் ஆகுது. கழட்டிக் குடுங்க, நான் சேஃபா வச்சிருக்கேன்.”

“இது தாலிம்மா.”

“தெரியும் ஆன்ட்டி. பட் ரூல் எல்லாருக்கும் சேம். அந்த அக்காகூட மோதிரத்தக் கழட்டிட்டாங்க. ஃபைவ் மினிட்ஸ்தான், அப்புறம் நீங்களே போட்டுக்கலாம்.”

அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நீங்களே போட்டுக்கலாம் என்றதுதான் என்னைத் தாக்கியது. ஊர் தெரியாத பெண்கள் நடுவில் துணியில்லாமல் நின்றபோது வராத வெட்கம் அப்போது வந்தது. இன்னொரு தடவை என் கையால் அதை எடுத்து என் கழுத்தில் போட என்னால் ஆகாது. “அப்ப நான் நிக்கல” என்று சொல்லி, அங்கியைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். என் இடம் வட்டத்தில் பல் விழுந்த மாதிரி காலியாகத் தெரிந்தது.

ஆ ஹோங் அப்படியே, ஒரு துணி இல்லாமல், கூடத்தைக் கடந்து என்னிடம் வந்தாள்.

“என்னா இது?”

“புருஷன் போட்டது.”

“செத்துட்டானா?”

“வீட்டுல இருக்காரு.”

“அப்ப என்னா? கழட்டு, படம் எடு, திரும்பப் போடு.”

“யாரு போடுறது?” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். என் மலாய் அரைகுறை. அதற்குமேல் நான் விளக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. “தா அப்பா லா,” பரவாயில்லை என்று சொல்லி என் கையைப் பிடித்து இழுத்தாள். “நான் மூடிக்கிறேன்.”

ஏணி மேலிருந்த அம்மாவிடம் சீனத்தில் சத்தமாக ஏதோ வாதாடினாள். அந்த அம்மா முதலில் தலையாட்டி மறுத்தார், பிறகு கையை விரித்தார். நான் என் இடத்தில் நின்றேன். ஆ ஹோங் கையைத் தூக்கி என் பிடரியில் உள்ளங்கையை வைத்தாள். சங்கிலி அவள் கைக்குள் மறைந்துவிட்டது.

ஐந்து நிமிஷம் என்றது கால் மணிக்கு மேல் இழுத்தது. அக்குளில் நெறிக்கட்டியை எடுத்தவர்களுக்குத் தெரியும், கையைத் தூக்கி வைத்திருப்பது என்ன வலி என்று. அவள் கை மணிக்கட்டிலிருந்து வீங்கியிருந்தது. என் கழுத்தில் அந்தக் கை நடுங்குவது தெரிந்தது. “எறக்கிக்கோ” என்றேன். “வாயை மூடு, படம் கெட்டுடும்” என்றாள்.

கீழே கோப்பிக் கடையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். புற்று எலும்புக்குப் போயிருக்கிறது என்று ஆ ஹோங் சொன்னாள். தேநீருக்குச் சீனி போதவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள். அடுத்த வாரம் மருந்து மறுபடி ஆரம்பம். அவளுக்குத் துணைக்கு யாராவது வருகிறார்களா என்று கேட்கத்தான் எனக்குத் தெரிந்தது. “பஸ் இருக்கு” என்றாள். ஞாயிறு மதியமே திரும்பிவிட்டேன். பாலத்தில் அன்றும் மழை.

இது போல மறுபடி எடுத்தால் போக நினைக்கிறவர்களுக்கு: சிங்கப்பூர் வருகை அட்டையைப் புறப்படுவதற்கு முன் மூன்று நாளுக்குள் போனிலேயே நிரப்புங்கள், காசில்லை. சனிக்கிழமை மதியம் பாலம் நெரியும், காலையிலேயே போய்விடுங்கள். கூடம் குளிரும், தரை இன்னும் குளிரும். வாசல் வரை காலுறை போட்டுக்கொள்ளலாம். மூக்குத்தித் திருகை ஊரிலேயே தளர்த்தி வையுங்கள். தாலியும் நகைக் கணக்கில்தான் வருகிறது, அதை முன்கூட்டியே கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு ஆ ஹோங் அமைய மாட்டாள்.

போன வாரம் படம் போனுக்கு வந்தது. வீட்டுக்காரரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அத்தனை முதுகுகளில் எது நான் என்று அவர் கேட்கவில்லை. விரலை நேராக என் மேல்தான் வைத்தார்.

“இந்தக் கை யாரோடது?”

“பாசிர் ரிஸ்ல ஒரு அம்மா.”

“ரொம்ப வீங்கியிருக்கே.” போனை மடியில் வைத்தார். “உனக்கு அப்படி இல்லையே?”

இரண்டு வருடத்தில் என் உடம்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. “நீங்களே பாருங்க” என்று இடது கையை நீட்டினேன். பிடித்தார். புறங்கையைத் திருப்பிப் பார்த்தார், மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தார். ரவிக்கையின் நீளக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினார்.

முழங்கை வரை பார்த்தார். பிறகு ரவிக்கைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.