கூரைக்கு ஏறியதற்கு ஒரு கடிதம்

கட்டடப் பராமரிப்பு என்பது, ஒழுகாதபோது "இவனுக்கு இங்கே என்ன வேலை?" என்றும், ஒழுகும்போது "இவ்வளவு நாளும் இவன் என்ன செய்தவன்?" என்றும் கேட்கப்படும் தொழில். ஏணியும் சாவிக்கொத்துமாக அலையும் என் சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் மெல்பேர்னின் டண்டினோங்கில் மூன்று மாடி வர்த்தகக் கட்டடம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. அங்கே குளிர்காலம் தொடங்கும் யூன் பிறந்தால் தெற்குக் காற்றும் ஆலங்கட்டி மழையும் முதலில் நலம் விசாரிப்பது கூரையைத்தான்.

முன்கூட்டியே 'சரி'

குளிர்காலத்துக்கு முன் வடிகால், கூரை ஓர மழைநீர்ப் பீலி, யன்னல் றப்பர், சூடாக்கி எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்திட ஒரு படிவம் உண்டு. அந்த வருடம் புதிதாக வந்த மேலாளர் பிரையன் அதை என்னிடம் நீட்டியபோது, எல்லாக் கட்டங்களிலும் ஏற்கெனவே 'சரி' போட்டிருந்தது. கூரைக்கு ஏற இரண்டு பேர் வேண்டும், அரை நாள் வீணாகும், ஆகவே ஏறவே வேண்டாம் என்றார். மீறி ஏறினால் எச்சரிக்கைக் கடிதம். இன்னொரு தடவை ஏறினால் வேலை இல்லை.

வீட்டுக் கடனும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவன் நான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்காத கூரையைப் பார்த்ததாக எழுத எனக்குக் கை வரவில்லை. பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். பிரையன் பெருமூச்சு விட்டார். "நேதன், உன்னைக் கையெழுத்துப் போடத்தான் சொன்னேன். யோசிக்கச் சொல்லவில்லை."

கூரையில் மூன்று உருவங்கள்

அடுத்த நாளே ஏறினேன். இரண்டு பேர் வேண்டும் என்ற விதியை மீறக்கூடாது அல்லவா? மூன்றாம் மாடியில் பயண முகவர் நிலையம் நடத்தும் மலேசியாக்காரர் செல்வம் அங்கிளைத் துணைக்குக் கூப்பிட்டேன். மனிதர் ஏனோ தயங்கித் தயங்கி வந்தார். கதவைத் திறந்தால், வெள்ளைப் போர்வை போர்த்திய மூன்று உருவங்கள் வரிசையாக நிற்கின்றன.

போர்வையை விலக்கினால் கறிவேப்பிலை மரங்கள்! நான் ஏறக்கூடாத கூரையில் அங்கிள் தோட்டமே போட்டிருந்தார். பலத்த காற்று அடித்தால் தொட்டி பறந்து கீழே நிற்கும் கார்மேல் விழும் என்று சத்தம் போட்டேன். மூன்றையும் இருவருமாகக் கீழே, கட்டடத்தின் சூடாக்கி இயந்திரம் இருக்கும் அறைக்கு இறக்கினோம். அங்கிளுக்கு என்மேல்தான் கோபம். "அதுங்களுக்கும் குளிருமில்லையா? நீ மட்டும் ஜாக்கெட் போட்டுக்கிட்டு நிக்கிறே!"

மிதிபடாத இடம்

தரைத்தளத்தில் மனோ அன்ரியின் சேலைக் கடை. கணவர் இறந்தபின் கையிலிருந்ததை எல்லாம் போட்டுத் தொடங்கியது. தீபாவளிக்கென்று மாதக்கணக்கில் முன்கூட்டியே வந்திறங்கிய பட்டுச் சேலைகள் முழுவதும் பின்பக்கக் களஞ்சிய அறையில் இருந்தன. அந்த அறைக்குத் தனியாக ஒரு தட்டைக் கூரை. அதற்கு ஒரேயொரு வடிகால் துவாரம்.

அன்றே அங்கும் ஏறினேன்; அந்தத் துவாரத்தைத் தேடுவதற்கே கால் மணி நேரம் எடுத்தது. மேலே அழுகிய பூமாலைகள், நார், நைலோன் நூல். இரண்டு பை நிறைய அள்ளினேன். இப்படியே விட்டிருந்தால் முதல் பெருமழையில் தண்ணீர் அறைக்குள்தான் இறங்கியிருக்கும். மாடிப்படி யன்னல் வழியாக அன்ரி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழைய மாலையை வீசியிருக்கிறார். கேட்டதற்குக் கொஞ்சமும் அசரவில்லை. "ஓம் தம்பி, நான்தான் போட்டனான். சாமிக்குப் போட்ட பூவைக் குப்பைக்குள்ளை போடலாமோ? இஞ்சை ஆக்கள் மிதியாத இடம் அது ஒண்டுதான்."

மிதிபடாத இன்னொரு இடம் எனக்குத் தெரிந்திருந்தது. அன்று முதல் மாலைகள் கறிவேப்பிலைத் தொட்டிகளுக்குப் போயின. அங்கிள் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனி என் ரசத்துக்கும் சாமி துணை."

இரண்டாவது காகிதம்

பத்து நாட்களில் புயல்காற்று வந்தது. ஆலங்கட்டி பிற்பகல் முழுவதும் கொட்டியது. அன்ரி களஞ்சிய அறையில் கதிரை போட்டு, முகட்டைப் பார்த்தபடியே இருந்தார். நான் பக்கத்தில் வாளியோடு நின்றேன். வெளியே வடிகால் குழாய் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. சந்தோசத்தில் வாளியைக் கவிழ்த்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை பிரையன் அன்ரியின் களஞ்சிய அறைக்கு வந்தார். காய்ந்த தரையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஆனாலும், கூரைக்கு ஏறியதை மறைக்காமல் எழுதி நான் அனுப்பியிருந்த படிவத்தோடு எச்சரிக்கைக் கடிதத்தையும் பையிலிருந்து எடுத்தார். அனுமதியின்றிக் கூரைக்கு ஏறியதாகவும், வடிகாலைத் துப்புரவு செய்ததாகவும் எழுதியிருந்தது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உடனே பேனையை எடுத்தேன். அன்று படிவத்தில் போட மறுத்தவன் இதற்கு மட்டும் ஏன் உடனே கையெழுத்துப் போடுகிறாய் என்று பிரையன் கேட்டார். "இது நான் செய்த வேலை" என்றேன். அன்ரி ஒரு சேலைப் பெட்டியை மேசையாக நகர்த்தித் தந்தார். "தம்பி, ஆறுதலா, வடிவாப் போடும். அவர் திரும்பவும் வாசிக்கோணும்."

அடுத்த மேயிலும் கூரைக்கு ஏறினேன். வேலையை விட்டு நிறுத்தும் இரண்டாவது கடிதம் இன்றுவரை வரவில்லை. நான் ஒழுங்காக வேலை செய்தேன் என்று நிர்வாகம் எழுத்தில் தந்த ஒரே சான்றிதழாக அந்த முதல் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.