ஏரிக்கரையில் சொன்னது

தலைநகரின் ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸை ஒட்டிய ரிட்ஜ் காட்டுக்குள் ஒரு நடைபாதை உண்டு. இரும்புக் கேட்டில் நுழைந்தால் சீமைக்கருவேலங்காடு, அதைத் தாண்டினால் சின்னதாக ஓர் ஏரி. கரையோரமாகவே சுற்றி மறுபடி கேட்டுக்கு வந்துவிடலாம். சாவகாசமாக நடந்தாலும் அரைமணி ஆகாது. லீலாவதி தினமும் காலையில் வத்சலா மாமியோடு அங்கே நடப்பாள்.

லீலாவதியின் கணவர் நல்லசிவம் மத்திய அரசில் கிளார்க். மாமியின் வீட்டுக்காரர் சேஷன் பெரிய ஆபீசர். மாமி வீட்டு சோபாவில் லீலாவதி நுனியில்தான் உட்காருவாள். காட்டுக்குள் வந்துவிட்டால் அந்த வித்தியாசம் இல்லை. இருவருக்கும் மூச்சு வாங்கியது, இருவருக்கும் முழங்கால் வலித்தது. பக்கத்துப் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அதனாலேயே வீட்டில் வராத பேச்செல்லாம் அங்கே வந்தது.

ஏரியே தெரியாமல் பனி மூடியிருந்த ஒரு காலையில் லீலாவதி தன் ஒரே மகள் வைஷ்ணவியைப் பற்றிச் சொன்னாள். சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுபோய், மாத்திரையையும் டாக்டர் நிறுத்திவிட்டார்.

"ஊர்ல எங்க அக்காவுக்குக்கூடத் தெரியாது மாமி. உங்ககிட்டதான் சொல்லுதேன்."

"அதான் போயிடுத்தோல்லியோ, விடு," என்று மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று லீலாவதி வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அடுத்த வருஷம் வைஷ்ணவிக்கு மோதி பாக்கிலிருந்து வரன் வந்தது. பையன் பெயர் கார்த்தி. இருவரும் நாலைந்து முறை வெளியே போய்ப் பேசி, பிடித்தும் போயிற்று. நிச்சயத்துக்கு நாள் பார்க்கும் நேரத்தில் பையன் வீட்டார் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். கடைசியில் ஒருநாள் பையனின் அம்மா சாவித்திரி எடுத்தாள்.

"இப்படி ஒரு நோய் இருந்துதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கணும்ல? வத்சலா மாமி சொல்லித்தானே எங்களுக்குத் தெரியுது."

மறுநாள் ஏரிக்கரையில் லீலாவதி கேட்டாள். மாமி மழுப்பவில்லை.

"சாவித்திரி என்னைக் கோவில்ல பாத்தா. பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேட்டா. பொய் சொல்லச் சொல்றியா லீலா? நாளைக்கு ஏதாவதுன்னா பழி என் தலையில விழாதா?"

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே மாமி."

"தெரியுமே."

லீலாவதி நின்றுவிட்டாள். மாமி அதே வேகத்தில் நடந்துபோனாள். வளைவில் திரும்பி, "வரலையா?" என்று கேட்டாள். லீலாவதி வந்த வழியே திரும்பினாள்.

சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகளும் சேர்ந்து மாமியைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். வைஷ்ணவி லேப்டாப்பை மூடிவைத்தாள்.

"கார்த்திகிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன். ஆன்ட்டி மேல குஸ்ஸா பண்ணி, கோவப்பட்டு என்ன? அவங்களுக்குச் சொன்னது யாரு?"

"ஏளா, மனசுல வச்சுத் தாங்க முடியல. அதான் வாய் விட்டுட்டேன்."

"அது என்னோட விஷயம்மா. உன்னுது இல்ல."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. வைஷ்ணவி எழுந்துபோய் அப்பாவுக்கு ரொட்டி சுட ஆரம்பித்தாள்.

சில மாதங்களில் வைஷ்ணவி புனேயில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். சேஷன் ரிடையர் ஆனதும் மாமி சென்னைக்குப் போனாள். மகள் போன் செய்வது அப்பாவுக்கு. அம்மாவிடம் கொடுத்தால், "சாப்டியா? அச்சா. டீக் ஹை, வைக்கறேன்," அவ்வளவுதான்.

போன குளிர்காலத்தில் நல்லசிவம் பேச்சுவாக்கில் உளறிவிட்டார். தீபாவளி சமயத்தில் மகளுக்கு மறுபடி வலிப்பு வந்ததாம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாளாம்.

"எனக்கு ஏன் சொல்லல?"

அவர் செய்தித்தாளை மடித்தார். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா."

லீலாவதி இப்போதும் நடக்கிறாள், தனியாக. போன வாரம் பக்கத்து பிளாக்குக்குப் புதிதாக வந்த கவிதா என்ற பெண் சேர்ந்துகொண்டாள். கரைக்கு வந்ததும் அவள் குரல் தாழ்ந்தது. "அக்கா, யார்கிட்டயும் சொன்னதில்ல, எங்க வீட்டுக்காரர்…"

"வேண்டாம்மா," என்றாள் லீலாவதி. "எங்கிட்ட சொல்லாத."

கவிதாவின் முகம் சுருங்கிவிட்டது. மறுநாளிலிருந்து அவள் வேறு பெண்களோடு நடக்கிறாள். எதிரே வந்தால் லீலாவதியைப் பார்ப்பதில்லை.