பாண்டி பஜாரில் இரண்டு பைனாகுலர்கள்

1974, பொங்கல் முடிந்த சனிக்கிழமை. மத்தியானம் ஒன்றரை மணிக்கு மயிலாப்பூர் குளத்தங்கரையில் நானும் என் கணவர் ராஜகோபாலும் பஸ் ஏறினோம். பாண்டி பஜார் நான்கு கிலோமீட்டர்தான். அதற்கே வெளியூர் போவதுபோல டிபன் டப்பா, தண்ணீர், என் நோட்டு எல்லாம் பையில் இருந்தன. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குப் பறவை பார்க்கும் பழக்கம். அடையாறு முகத்துவாரத்தில் வெறுங்கண்ணால் பார்த்து, 'சிறியது, பழுப்பு, என்னவென்று தெரியவில்லை' என்று எழுதியே மூன்று நோட்டுகள் தீர்ந்திருந்தன.

"இந்த வருஷம் பைனாகுலர்ல தெரிஞ்சுடும், வசந்தா" என்றார் அவர்.

இரண்டு மணிக்குக் கடையில் இருந்தோம். பழைய கேமராக்கள் விற்கும் சின்ன இடம், உரிமையாளர் திருநெல்வேலிக்காரர். இரண்டு பைனாகுலர்களை எடுத்து வைத்தார். ஒன்று எட்டு மடங்கு பெரிதாக்குவது, தோல் தேய்ந்தது, நூற்றெண்பது ரூபாய். மற்றது இருபது மடங்கு, கறுப்பாகப் பளபளத்தது, இருநூற்றறுபது. டார்ச் அடித்து உள்ளே காட்டினார்.

"கடல் காத்துக்கு உள்ள பூஞ்சை புடிக்கும். ரெண்டும் சுத்தமா இருக்கு, பாத்துக்கிடுங்க."

ராஜகோபால் பெரியதை வாசல் நிலையில் சாய்த்துப் பிடித்துத் தெருவைப் பார்த்தார். "எதிர்க்கடைப் புடவையில நூல் நூலாத் தெரியுது!" எனக்கும் அதன்மேல்தான் ஆசை. ஆனால் எண்பது ரூபாய் கூடுதல்.

கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தார். "கடையில எல்லாமே நல்லாத்தாம்மா தெரியும். ரெண்டையும் கொண்டு போங்க. பறவை நிக்க எடத்துல பாத்துட்டு வந்து சொல்லுங்க. எட்டு மணி வரைக்கும் இருப்பேன்." என் கணவர் ஈடாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றப் போனார். விலாசம் போதும் என்று சொல்லிவிட்டார் கடைக்காரர்.

நாலரை மணி. பட்டினப்பாக்கத்தில் இறங்கி, குப்பத்தைத் தாண்டி முகத்துவாரம் வரை மணலில் நடந்தோம். ஈர மணலில் உள்ளான் பறவைகள் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. பெரியதை எடுத்தேன். பறவை பெரிதாகத்தான் வந்தது; ஆனால் என் மூச்சுக்குக்கூட ஆடியது. ஒன்றைப் பிடிப்பதற்குள் அது வட்டத்தைவிட்டு ஓடிவிடும்.

பக்கத்தில் ஒரு மீன்காரப் பெண் காலிக் கூடையுடன் கடலையே பார்த்தபடி நின்றிருந்தாள். பெயர் பிலோமினா என்று பிறகு சொன்னாள்.

"இன்னா நைனா அது? அத்த வெச்சி கடலாண்ட பாக்கலாமா? எங்கூட்டுக்காரு விடிகாத்தால போனாரு, கூட அவரு தம்பி. மத்த கட்டுமரம் அல்லாம் மத்தியானமே வந்துட்ச்சு."

ராஜகோபால் உடனே பெரியதைக் கொடுத்தார். அவள் கண்ணில் வைத்துப் பார்த்தாள். "ஒண்ணும் நிக்கல நைனா. கடலே ஆடுது."

சிறியதை அவள் கழுத்தில் மாட்டி, நடுச்சக்கரத்தில் அவள் விரலை வைத்தேன். "மெதுவாச் சுத்துங்க, தெளியும்."

அவள் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கடலைத் துழாவினாள். அடிவானத்தில் எங்கள் கண்ணுக்கு எதுவும் படவில்லை.

"தோ... நம்ம மரத்துப் பாய்தான். நீலத் துண்டு ஒட்டுப் போட்டது. ஒண்ணு... ரெண்டு. ரெண்டு பேரும் குந்திக்கினு கீறாங்க!"

அரைமணி நேரம் அதை அவள் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பாய்மரம் பாதியில் முறிந்து, அரைப் பாயும் துடுப்புமாக வந்த கட்டுமரம் கரை தட்டியதும் புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிறகு மணலில் உட்கார்ந்து அழுதாள்.

வெளிச்சம் மங்கியிருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பெரியதில் எல்லாம் இருண்டுவிட்டது. சிறியதில் ஒரு உள்ளானின் அலகுகூடத் தெரிந்தது.

ஏழேகாலுக்குக் கடையில் பெரியதைத் திருப்பிக் கொடுத்து, சிறியதற்குப் பணம் கட்டினோம். "என்ன பறவை பாத்திய?" என்றார் கடைக்காரர். சொல்லும்படி ஒன்றுமில்லை என்று சிரித்தோம்.

பிறகு மூன்று வருடம் சனிக்கிழமைதோறும் போனோம். பைனாகுலர் முதலில் பிலோமினாவிடம் போகும். கட்டுமரம் கரையில் கிடக்கும் நாளிலும் கடலை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் தருவாள். என் கணவருக்கு மாற்றலாகித் திருச்சிக்குப் போனோம். அங்கே காவிரிக் கரையில் கொக்குகளுக்குக் குறைவில்லை. பைனாகுலரை எனக்கு முன்னால் கேட்கத்தான் யாரும் இல்லை. மயிலாப்பூரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை, கடலைப் பார்த்து முடித்த பிலோமினா முதல் தடவையாக பைனாகுலரை மணலில் ஓடிய உள்ளான்கள் பக்கம் தாழ்த்தினாள்.

"யக்கா, இத்தப் பாரேன். காலு எம்மாம் மெல்லிசா கீது! இத்தினி வருசமா நம்ம காலாண்டயே ஓடிக்கினு இருந்துச்சு."