மலர்கொடியும் காந்தம் ஒட்டாத காரும்

தஞ்சாவூரில் நாகை சாலையில், கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஷெட் ஒன்றை நடத்துகிறார் மலர்கொடி. வயது நாற்பத்து நான்கு. பிறந்தது தரங்கம்பாடியில், கடலுக்குப் போகும் குடும்பத்தில். பத்தாம் வகுப்பு முடித்ததும் படகு கட்டும் பட்டறையில் பெயிண்ட் வேலைக்குச் சேர்ந்தவர், கோவிந்தராசுவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். கோவிந்தராசுவுக்கு டிங்கரிங் வேலை. நசுங்கியதை அவர் நிமிர்த்துவார். நிமிர்ந்ததற்கு மனைவி நிறம் கொடுப்பார்.

வருகிறவர்கள் எல்லோரும் கோவிந்தராசுவிடம்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அவர் சுத்தியலால் மனைவி இருக்கும் பக்கத்தைக் காட்டிவிட்டுத் தட்டிக்கொண்டே இருப்பார். அப்போது வந்தவரின் முகம் போகிற போக்கை ஒரு நிமிடம் நின்று ரசித்துவிட்டுத்தான் மலர்கொடி வேலையைப் பற்றியே பேசுவார்.

குறும்பு அவருக்குக் கூடப் பிறந்தது. வங்கி அதிகாரி ஒருவர் தன் காருக்கு "யாருமே அடிக்காத கலர்" வேண்டும் என்று ஒரு வாரம் நச்சரித்தார். மேட்டூர் அணை திறந்ததும் வெண்ணாற்றில் முதலில் கலங்கலாக ஓடிவருமே புதுத்தண்ணி, அந்த நிறத்தைக் கலந்து அடித்துக் கொடுத்துவிட்டார். "அழுக்கே தெரியாது சார்" என்றார். உண்மைதான், தெரியவில்லை. வண்டியைக் கழுவியிருக்கிறார்களா என்பதும் தெரியவில்லை.

போன கார்த்திகையில், மழை விட்ட ஒரு காலையில், காயாரோகணம் வந்து இறங்கினார். நாகப்பட்டினத்தில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருப்பவர். இரண்டு விசைப்படகுகளுக்கும் முதலாளி. பெங்களூரில் ஒருவரிடமிருந்து பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். வெள்ளை நிறம், நல்ல நீளம்.

"பெயிண்டர் எங்கப்பா?" என்று கோவிந்தராசுவைக் கேட்டார். சுத்தியல் திரும்பியது.

மலர்கொடியைப் பார்த்தவர், "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்றார்.

"இருக்காங்கண்ணே. அவங்க அடிச்சா வீட்டுச் சுவரு மாதிரி இருக்கும். பரவாயில்லையா?"

காயாரோகணம் பானெட்டைக் காட்டினார். அதன் நடுவில் ஒரு கோலா மீன் துள்ளிக்கொண்டிருந்தது. லேத் பட்டறையில் சொல்லிச் செய்து, மெருகேற்றி, ஸ்குரூ போட்டு முடுக்கிய இரும்பு மீன். அதைச் சுற்றிப் பெயிண்ட், அம்மை வார்த்ததுபோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. பின்கதவில் மகளின் பெயர், 'அபிநயா' என்று சாண் உயர இரும்பு எழுத்துகளில். அங்கேயும் அம்மை.

"ரெண்டு வாட்டி பட்டி பாத்து அடிச்சாச்சு. நாலு மாசம்கூட நிக்கல. காரணம் எனக்குத் தெரியும். ஆசிட்டு."

"யாரு ஊத்துனா?"

"எம் பொண்டாட்டியோட தம்பி, வீரமணி."

ஒன்றரை வருடத்துக்கு முன் வீரமணி தன் நிச்சயதார்த்தத்துக்கு இந்தக் காரைக் கேட்டிருக்கிறார். மீன் நாற்றம் ஒட்டிக்கொள்ளும் என்று காயாரோகணம் மறுத்துவிட்டார். மறுத்தவருக்கும் மீன்தான் தொழில். அதற்குப் பிறகுதான் கொப்புளம் வந்தது, பேச்சும் நின்றது. கல்யாணத்துக்குக்கூட இவர் போகவில்லை. மனைவி மட்டும் பஸ்ஸில் போய்விட்டு வந்தார்.

மலர்கொடி உள்ளே போய், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துவந்தார். பட்டியை அப்பி மறைத்த வண்டியில் காந்தம் ஒட்டாது, அதற்காக வைத்திருப்பது. பானெட்டில் வைத்தார். விழுந்தது. கதவில் வைத்தார். விழுந்தது. கூரையில் வைத்தார். சறுக்கிக்கொண்டு வந்து கையில் விழுந்தது.

"வண்டி முழுக்கப் பட்டியா?" காயாரோகணத்தின் குரல் இறங்கிவிட்டது. "பெங்களூர்க்காரன் என்னை ஏமாத்திட்டானா?"

முதல் தடவை விழுந்தபோதே மலர்கொடிக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் அந்த 'ஆம்பளைங்க யாரும் இல்லையா' காதில் இருந்ததால், இன்னும் நாலு இடத்தில் வைத்து, நாலு தடவை உச்சுக்கொட்டினார். கடைசியில் மீனின் மேல் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"மீனு நல்ல இரும்புண்ணே."

"வண்டி?"

"பயப்படாதீங்க, அலுமினியம். எங்க வீட்டு இட்லிக் குண்டானும் இதுவும் ஒரே வம்சம்."

காயாரோகணத்துக்கு உயிர் வந்தது. கூடவே கொஞ்சம் கௌரவம் போனது. "அலுமினியம் துருப்பிடிக்காதேம்மா?"

"செவப்பாப் பிடிக்காது. வெள்ளையாப் பிடிக்கும்." ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினார். உள்ளேயிருந்து கோலமாவு மாதிரி வெள்ளைப் பொடி கொட்டியது. "சரி, உங்க போட்டுல சுக்கான் பக்கத்துல ஜிங்க் கட்டி வச்சிருப்பீங்களே, அது எதுக்கு?"

"உப்புத்தண்ணி இரும்பைத் திங்காம அதைத் திங்கட்டும்னு."

"அதேதாண்ணே இங்கயும். கடல் காத்துல உப்பு, மழையில ஈரம், நடுவுல உங்க இரும்பு மீனு. அந்த ஸ்குரூ நல்லா இருக்கணும்னு உங்க காரு கரைஞ்சுக்கிட்டு இருக்கு."

முப்பது வருடமாகப் படகு வைத்திருக்கும் மனிதர் மீனைப் பார்த்தார், எழுத்துகளைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"அப்ப வீரமணி..."

"அதை அவருகிட்டதான் கேக்கணும்" என்று சொல்லி, மலர்கொடி ஒரு ஸ்குரூ டிரைவரை அவர் கையில் கொடுத்தார். "போட்டது நீங்க. கழட்டுறதும் நீங்களே கழட்டிருங்க."

அவரும் கழற்றினார். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெளியே தெரிந்ததைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்கு உள்ளே அரித்திருந்தது. மலர்கொடி உப்புத்தாளையும் கொடுத்தார். முதலாளி தேய்க்கத் தொடங்கினார். பட்டித் தூள் பறந்து தலை, மீசை, சட்டை எல்லாம் வெள்ளையாகிவிட்டது. அவர் ஃபோன் ஓரமாகச் சார்ஜில் இருந்தது. மலர்கொடி அவரிடமே வீரமணியின் நம்பரைக் கேட்டு வாங்கி, ஷெட்டுக்குப் பின்னால் போய்த் தன் ஃபோனில் பேசினார்.

"தஞ்சாவூர்லேர்ந்து பேசறேன் தம்பி. உங்க மச்சான் இங்கதான் இருக்காரு. மொகமெல்லாம் வெளுத்துப்போய், பேச்சே இல்லாம உக்காந்திருக்காரு. கொஞ்சம் வாங்களேன்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

இரண்டு மணி நேரத்தில் வீரமணி பைக்கில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தவர், மாவு மூட்டையிலிருந்து எழுந்தவர்போல நின்ற மச்சானைப் பார்த்துத் திகைத்தார். "என்னாச்சு மச்சான் ஒங்களுக்கு?"

காயாரோகணம் மலர்கொடியை முறைத்தார். மலர்கொடி பெயிண்ட் டப்பாவில் எழுதியிருந்ததை மிகுந்த அக்கறையுடன் படித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. டேய், உண்மையைச் சொல்லு. காரு மேல எதையாச்சும் ஊத்துனியா, இல்லையா?"

வீரமணி தரையைப் பார்த்தார். "ஊத்துனேன் மச்சான். ஆனா ஆசிட் இல்ல. நண்டு கழுவுன தண்ணி. அதுவும் ஒரு தடவைதான். நீங்க ஏறுற பக்கத்துக் கதவுல, கைப்பிடியில படட்டும்னு."

மூன்று பேரும் அந்தக் கதவைப் பார்த்தார்கள். ஒரு பொட்டுக் கொப்புளம் இல்லாமல் கண்ணாடிபோல இருந்தது.

"வண்டியிலயே அந்தப் பக்கந்தாண்ணே சுத்தம்" என்றார் மலர்கொடி.

காயாரோகணம் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பிறகு தொழில்காரராகக் கேட்டார்: "என்ன நண்டு?"

"நீலக்கால் நண்டு."

"அதான் ரெண்டு நாளு வீச்சம் போகல." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீரமணிக்கும் வந்தது. சிரித்து ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பூவிழி எப்படிடா இருக்கு?" என்றார். கல்யாணத்துக்குப் போகாததால் மைத்துனன் மனைவியை அவர் பார்த்ததே இல்லை.

"ஏழாம் மாசம் மச்சான். தையில வளைகாப்பு. அக்கா சொல்லலையா?"

"நாந்தான் ஒன் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு வச்சிருந்தேனே." காயாரோகணம் மலர்கொடி பக்கம் திரும்பினார். "தங்கச்சி, தைக்குள்ள வண்டி வேணும். பூவிழியை இதுலதான் கூட்டிட்டு வரணும்."

"அப்ப அவருக்கும் ஒரு உப்புத்தாள் குடுக்கறேன்" என்றார் மலர்கொடி.

அரிப்பெல்லாம் போய் உலோகம் பளிச்சென்று தெரிந்த அன்றே பிரைமர் அடித்தார். ஆறப்போட்டால் மறுபடி வெள்ளை பூத்துவிடும். எழுத்துகளை, இரும்பு வண்டியில் படாதபடி நைலான் வாஷர் வைத்துத் திரும்ப மாட்டலாமா என்று காயாரோகணம் கேட்டபோது, மகளையே கேட்போம் என்று மலர்கொடி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். "ஐயோ, வேண்டவே வேண்டாம்! காலேஜ்ல என்னைக் காருன்னுதான் கூப்பிடுறாங்க" என்றாள் அபிநயா. துளைகள் அடைக்கப்பட்டன. இரும்பு மீன், ஐஸ் ஃபேக்டரியின் வாசல் கேட்டுக்குப் போனது. பூவிழி அந்தக் காரில்தான் வளைகாப்புக்கு வந்தாள்.

சித்திரையில் காயாரோகணம் மறுபடி வந்தார். பானெட்டின் ஓரத்தில், மிளகு அளவில் ஒரு கொப்புளம். மலர்கொடி இந்த முறை சிரிக்கவில்லை. அந்த இடத்தைச் சுரண்டி, டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளைப் பொடிக்குள் செம்புள்ளி ஒன்று. யோசித்துப் பார்த்தபோது நினைவு வந்தது: அந்த ஓரத்தை மட்டும் அவசரத்தில் கணவரின் கிரைண்டரால் தேய்த்திருந்தார். இரும்பைத் தேய்த்த தட்டு. அதிலிருந்த இரும்புத் துகள் அலுமினியத்தில் ஏறிவிட்டது.

"இது கடலும் இல்ல, நண்டும் இல்லண்ணே. என் தப்பு" என்றார். மீசையை நீவிக்கொண்டு காயாரோகணம் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மலர்கொடி சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அந்த ஓரத்தைப் புதிதாகச் செய்துகொடுத்தார்.

மறுநாள் ஷெட்டில் பூட்டுப் போட்ட பச்சைப் பெட்டி ஒன்று வந்தது. அலுமினிய வேலைக்கு மட்டுமான தட்டுகளும் பிரஷ்களும் அதில் இருக்கின்றன. சாவி மலர்கொடியின் இடுப்பில். உள்ளே என்ன இருக்கிறது என்று கோவிந்தராசு கேட்டதற்கு, "என் நகை" என்றார். அவர் ஒரு வாரம் அதை நம்பினார்.